ஓர் அணு அகல வாசலில் மின்தடை

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில், சென்ற கோடையில், தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது மோட்டார் நின்றுபோயிற்று. சுருள் கருகிவிட்டது, மோட்டாரை மேலே தூக்க வேண்டும் என்று அப்பா பதறிக்கொண்டிருந்தார். வந்த எலக்ட்ரீஷியன் ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, "மோட்டாருக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா, ஒயரும் நல்லாத்தான் இருக்குது, பாயிண்டுதான் கருகிப்போச்சு" என்றார். நெற்றிப் பொட்டு அளவில் வெள்ளை நிற உலோக வில்லைகள் இரண்டு எதிரெதிரே இருந்தன; அவற்றில் ஒன்றின் முகம் கரி பிடித்து, அம்மைத் தழும்பைப்போலக் குழிகுழியாக இருந்தது. மின்சாரத்தை நிறுத்திச் சிறிது நேரம் ஆகியும் அந்த இடத்தில் விரல் வைக்க முடியவில்லை. கேபிளோ கையில் எடுத்தால் சில்லென்று இருந்தது.

இந்தச் சூட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் 100 மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.67 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 67 வாட் வெப்பம் உண்டாகும்; ஆனால் அது 100 மீட்டர் நீளத்திலும் பரவிவிடுவதால் கைக்குத் தெரிவதில்லை. கருகிய பாயிண்டின் மின்தடையை அரை ஓம் என்று வைத்துக்கொண்டாலே, அதே மின்னோட்டத்துக்கு 50 வாட் வெப்பம் உண்டாகும், அவ்வளவும் மிளகளவு இடத்துக்குள்! கம்பி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் இடத்துக்கென்று தனி நடத்தை ஒன்று உண்டு. அந்தத் தொடுமிடத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கி, முடிவில் ஒரே ஓர் அணுவின் அகலத்துக்குக் கொண்டுவந்தால் மின்தடை என்ன ஆகும் என்பதை, பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கியார்க் ஓம் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி, ஒரு கடத்தியின் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை அதில் ஓடும் மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை என்கிறது. கம்பியின் நீளம் கூடினால் மின்தடை கூடும். குறுக்குப் பரப்பு கூடினால் குறையும். நீளத்தைப் பரப்பால் வகுத்து, அந்த உலோகத்துக்கே உரிய மின்தடை எண்ணால் பெருக்கினால் மின்தடை கிடைத்துவிடுகிறது. செம்புக்கு ஒரு மின்தடை எண், தங்கத்துக்கு ஒன்று, அலுமினியத்துக்கு ஒன்று. பள்ளிக்கூடக் கணக்குகளும் வீட்டு வயரிங்கும் இந்த அளவோடு நிறைவாக நடந்துவிடுகின்றன. கம்பியைப் பாதியாக வெட்டினால் மின்தடையும் பாதியாகும், அந்தப் பாதியை மீண்டும் வெட்டினால் காலாகும், இப்படியே முடிவில்லாமல் போகலாம் என்ற ஓர் எண்ணம் இதற்குள் ஒளிந்திருக்கிறது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். அந்த எண்ணம் ஓரிடத்தில் பொய்த்துப்போகும்.

எங்கே பொய்க்கிறது என்று தெரிய வேண்டுமானால் மின்தடை எதனால் உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் செம்பில், கட்டுப்பாடின்றித் திரியும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 8.5 கோடி கோடி கோடி கோடி உள்ளன. அவற்றுள் மின்சாரத்தைச் சுமப்பவை நொடிக்கு 1,570 கிலோமீட்டர் வேகத்தில், திசைக்கொன்றாகப் பறந்துகொண்டே இருக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தவுடன் இந்தக் கூட்டம் முழுவதும் ஒரு பக்கமாக மெல்ல நகரத் தொடங்குகிறது. அந்த நகர்வு எவ்வளவு மெதுவானது என்றால், மேலே சொன்ன 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 10 ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடும்போது நொடிக்கு 0.3 மில்லிமீட்டர்தான், நத்தைகூட இதைவிட வேகமாகப் போகும். இந்த நகர்வைத் தடுப்பவை மோதல்கள். எலக்ட்ரான்கள் அணுக்களின்மீது முட்டி முட்டிச் செல்வதாகவே பல பாடநூல்கள் படம் போடுகின்றன. 1900ஆம் ஆண்டில் பால் ட்ரூட் முதன்முதலாக வரைந்த சித்திரமும் அத்தகையதே. ஆனால் வரிசை குலையாமல் அடுக்கப்பட்ட அணுக்கள் எலக்ட்ரானைத் தடுப்பதில்லை என்பதை 1928இல் ஃபெலிக்ஸ் பிளாக் காட்டினார். எலக்ட்ரான் ஓர் அலையாதலால் ஒழுங்கான அடுக்குக்குள் அது சிரமமின்றிப் பாய்ந்துவிடும். அந்த ஒழுங்கைக் குலைக்கும் அணு அதிர்வு, கலந்துவிட்ட அயல் அணு, படிக எல்லை ஆகியவற்றில்தான் அது சிதறுகிறது. மாணவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் சூடேறினால் செம்பின் மின்தடை ஏன் கூடுகிறது என்பதற்கு அப்போது தனி விளக்கமே தேவைப்படாது.

ஒரு சிதறலுக்கும் அடுத்த சிதறலுக்கும் இடையில் எலக்ட்ரான் தடையின்றிப் பறக்கும் தொலைவைச் சராசரி மோதலிடைத் தூரம் என்கிறோம். அறை வெப்பநிலையில் செம்புக்கு இது ஏறத்தாழ 39 நானோமீட்டர், தங்கத்துக்கு 38. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமனை ஏறத்தாழ 2,000 துண்டுகளாகப் பிளந்தால் ஒரு துண்டின் தடிமன்தான் இந்த 39 நானோமீட்டர். அவ்வளவு குறுகிய தொலைவை அந்த வேகத்தில் கடக்கும் எலக்ட்ரான், நொடிக்கு 40 லட்சம் கோடி முறை சிதறுகிறது. தொடுமிடம் இந்தத் தூரத்தைவிடப் பெரிதா, சிறிதா என்ற ஒரே கேள்வியில்தான் இனி வருவது அத்தனையும் அடங்கியிருக்கிறது.

பெரிதாக இருக்கும் நிலையை முதலில் பார்ப்போம். ஸ்டார்ட்டர் பாயிண்டின் முகம் நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். வத்தல்மலையைப் பெயர்த்துத் தலைகீழாகச் சித்தேரி மலையின்மேல் கவிழ்த்து வைத்தால், உச்சியும் உச்சியும் முட்டும் சில இடங்களில் மட்டுமே இரண்டும் தொடும். மற்ற இடமெல்லாம் வெட்டவெளிதான். இரண்டு வில்லைகள் அழுந்தும்போதும் அப்படியே ஆகிறது. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளை நோக்கிக் குவிந்து, நெரிந்து, அப்பால் போய் விரிகிறது. இந்த நெரிசலால் உண்டாகும் கூடுதல் மின்தடைக்கான சூத்திரம் மாக்ஸ்வெல்லின் பெயரால் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்குகிறது: உலோகத்தின் மின்தடை எண்ணைத் தொடுபுள்ளியின் விட்டத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு தங்கத் துண்டுகள் ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் தொட்டுக்கொண்டால் நெரிசலின் மின்தடை 0.012 ஓம். ஆரத்தை நூறில் ஒரு பங்காக, அதாவது 10 நானோமீட்டராகக் குறைத்தால், நூறு மடங்காகி 1.2 ஓம் வர வேண்டும்.

ஆனால் 10 நானோமீட்டர் என்பது 38 நானோமீட்டரைவிடச் சிறியது. தொடுபுள்ளியைக் கடக்கும் எலக்ட்ரானுக்கு அந்த இடத்தில் சிதற வாய்ப்பே இல்லை. பந்து சாளரத்தின் வழியே பாய்வதைப்போல நேராகப் பாய்ந்துவிடுகிறது. சிதறல் இல்லையென்றால் மின்தடையும் இருக்காது என்று தோன்றும். 1965ஆம் ஆண்டில் சோவியத் இயற்பியலாளர் யூரி ஷார்வின் இதற்கு நேர்மாறான விடையைத் தந்தார். சிதறல் இல்லாவிட்டாலும் தடை உண்டு. ஏனென்றால் ஒரு நொடியில் அந்தச் சிறு வாசலை வந்தடையும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கே ஓர் எல்லை இருக்கிறது. வாசலின் பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் வந்து நுழைய முடியும். ஆகவே இந்த மின்தடை விட்டத்தால் வகுபடாமல் பரப்பால் வகுபடுகிறது: ஆரத்தைப் பாதியாக்கினால் மாக்ஸ்வெல்லின் மின்தடை இரண்டு மடங்காகும், ஷார்வினுடையது நான்கு மடங்காகும். மேலே சொன்ன 10 நானோமீட்டர் தங்க வாசலுக்கு ஷார்வினின் கணக்கில் ஏறத்தாழ 4 ஓம் வருகிறது. அதே தங்கம் ஒரு மைக்ரோமீட்டர் ஆரத்தில் தொட்டிருந்தபோது இந்த ஷார்வின் பங்கு மாக்ஸ்வெல் பங்கில் முப்பதில் ஒன்றுதான், யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். நானோ அளவுக்கு இறங்கியதும் அது மேலோங்கிவிடுகிறது.

இந்த ஷார்வின் மின்தடைக்கு இன்னொரு தன்மை உண்டு. தங்கத்தைக் குளிர்வித்தால் சிதறல் குறைந்து மோதலிடைத் தூரம் நீளும். அதே அளவுக்கு மின்தடை எண் குறையும். சூத்திரத்தில் இவ்விரண்டின் பெருக்கல் மட்டுமே வருவதால் ஒன்று கூடியதை மற்றது குறைத்துச் சமன் செய்துவிடுகிறது. ஆகையால் வெப்பநிலை மாறினாலும், உலோகத்தில் கொஞ்சம் கலப்படம் இருந்தாலும், வாசலின் மின்தடை மாறுவதில்லை.

வாசல் இன்னும் குறுகினால் எலக்ட்ரானைப் பந்து என்று எண்ணுவதும் பொருந்தாது. துகளுக்கும் அலைநீளம் உண்டென்று 1924இல் லூயி டி பிராய் கூறினார். தங்கத்தில் மின்சாரம் சுமக்கும் எலக்ட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ 0.52 நானோமீட்டர். தம்பூராவின் தந்தி எப்படி முழு எண்ணிக்கையான அரை அலைகளாக மட்டுமே அதிர முடியுமோ, அதேபோல வாசலின் அகலத்துக்குள்ளும் அரை அலைகள் முழு எண்ணிக்கையில் மட்டுமே அமைய முடியும். அப்படி அமையும் ஒவ்வொரு விதமும் எலக்ட்ரான் கடந்து செல்வதற்கான ஒரு வழி.

சேலத்திலிருந்து ஓசூருக்குக் காரில் போகிறவர்கள் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் பண்டிகை நாளில் நின்ற அனுபவத்தை நினைத்துக்கொள்ளலாம். சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வண்டி எவ்வளவு வேகமாக ஓடக்கூடியதாக இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் கடக்கும் என்பதைத் திறந்திருக்கும் வழிகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. எட்டு வழி திறந்திருக்கலாம், ஏழு திறந்திருக்கலாம். ஏழரை வழி என்று ஒன்று கிடையாது. சாவடிக்கு இடம் ஒதுக்கிய நிலம் இரண்டடி குறைந்தால் போக்குவரத்து உடனே குறைந்துவிடாது. ஒரு வழியின் அகலம் முழுவதும் போன பிறகுதான் ஒரேயடியாகக் குறையும். உலோக வாசலும் இப்படித்தான் நடந்துகொள்கிறது: அகலம் சீராகக் குறைந்துகொண்டே வந்தாலும் மின்னோட்டம் படிப்படியாக இறங்குகிறது.

ஒரு வழி எவ்வளவு மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும்? சுங்கச்சாவடியில் இரண்டு வண்டிகளுக்கிடையே ஒரு குறைந்தபட்ச நேர இடைவெளி இருப்பதைப்போல, ஒரே வழியில் வரும் எலக்ட்ரான்களுக்கிடையேயும் ஓர் இடைவெளி இருக்கிறது. இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பௌலியின் தவிர்ப்புத் தத்துவம் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வைக்கிறது. குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியை, கொடுக்கப்பட்ட மின்னழுத்தத்தால் எலக்ட்ரான் பெறும் ஆற்றலால் வகுத்தால் அந்த இடைவெளி கிடைத்துவிடும். ஒரு வோல்ட் அழுத்தத்தில், எலக்ட்ரானின் தற்சுழற்சி (ஸ்பின்) இரண்டு விதம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு வழியில் நொடிக்கு 48 கோடியே 36 லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் கடக்கின்றன. அதை ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் 77.5 மைக்ரோ ஆம்பியர். ஒரு வோல்ட்டை இதனால் வகுத்தால் 12,906 ஓம். ஒரு வழியின் மின்தடை இதுதான்.

இந்த எண்ணை அடைந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். செம்பு, தங்கம் என்ற பெயரே இதில் வரவில்லை. மின்தடை எண் இல்லை, நீளம் இல்லை, வெப்பநிலையும் இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டமும் பிளாங்க் மாறிலியும் மட்டுமே இருக்கின்றன. மின் கடத்தல் என்பது எலக்ட்ரான் அலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்துபோகும் வாய்ப்பு என்ற இந்தப் பார்வைக்கு 1957இல் வித்திட்டவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ரோல்ஃப் லாண்டவர். பல வழிகள் உள்ள நிலைக்கு அதைப் பிறகு மற்றவர்கள் விரித்தார்கள். இதைக் கொண்டு நம் 10 நானோமீட்டர் ஆரமுள்ள தங்க வாசலைச் சரிபார்த்துவிடலாம். அந்த வட்டத்துக்குள் ஏறத்தாழ 3,600 வழிகள் அமைகின்றன. 12,906ஐ 3,600ஆல் வகுத்தால் மூன்றரை ஓம் சொச்சம் வருகிறது. பந்து என்று நினைத்துப் போட்ட ஷார்வினின் கணக்கு 4 ஓம் என்றது. வழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது படிகள் கண்ணுக்குத் தெரியாமல் சரிவாகிவிடுவதால் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன.

படிகளை முதலில் கண்டது உலோகத்தில் அல்ல. 1988ஆம் ஆண்டில், நெதர்லாந்தில் ஒரு குழுவும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு குழுவும், காலியம் ஆர்சனைடு குறைகடத்திக்குள் அமைத்த குறுகிய வாசலில், கடத்துதிறன் (மின்தடையின் தலைகீழ் மதிப்பு) சமமான படிகளாக ஏறுவதைத் தனித்தனியே பதிவு செய்தன. குறைகடத்தியில் எலக்ட்ரானின் அலைநீளம் பல பத்து நானோமீட்டர் என்பதால் அவ்வளவு அகலமான வாசலே போதும்; ஆனால் கடும் குளிர் தேவை. உலோகத்தில் அலைநீளம் அரை நானோமீட்டர்தான் என்பதால் வாசல் அணு அளவுக்கு வந்தாக வேண்டும். அதற்கு ஈடாக, அறை வெப்பநிலையிலேயே படிகள் தெரியும்.

அணு அளவுக்கு உலோகத்தை எப்படிக் குறுக்குவது? அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் பதம் பார்க்கும் முறையை நினைவுபடுத்திக்கொண்டால் பாதி புரிந்துவிடும். கொதிக்கும் வெல்லப் பாகில் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து, விரல்களை மெல்லப் பிரிக்கிறோம். பாகு நடுவில் இடுப்பு சிறுத்து, சிறுத்து, ஒற்றைக் கம்பியாக நீண்டு, பிறகு அறுகிறது. கம்பிப் பதம் என்கிறோம். தங்கமும் இப்படிப்பட்டதுதான். தங்கத்தின்மேல் துரு படியாததால், இரண்டு சுத்தமான தங்க முனைகள் தொட்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பிரிக்கும்போது இடையில் ஒரு கழுத்து உருவாகி, பத்து அணு அகலம், ஐந்து அணு, மூன்று என்று மெலிந்து, ஒற்றை அணுவில் வந்து நின்று, பிறகே அறுகிறது.

இதைக் கட்டுப்பாட்டோடு செய்ய, நடுவில் சிறு வெட்டுப் போட்ட தங்கக் கம்பியை ஒரு வளையும் தகட்டின்மேல் ஒட்டி, தகட்டின் அடிப்பக்கத்தை நடுவில் மெல்ல உந்துகிறார்கள். தகடு வளையும்போது மேலே உள்ள வெட்டு விரிகிறது. அடியில் உந்தும் தூரம் மேலே பன்மடங்கு குறைந்து வந்து சேர்வதால், அணுவின் அகலத்தைவிடச் சிறிய அசைவையும் கைக்கொள்ள முடிகிறது. நெதர்லாந்தின் லெய்டனில் 1992 முதல் இந்த முறையைக் கொண்டு அணு அளவுத் தொடர்புகளை அளந்திருக்கிறார்கள். ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப ஒட்டியும் பிரித்தும் ஆயிரக்கணக்கான முறை அளந்து, எந்தக் கடத்துதிறன் அதிகமுறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், தங்கத்துக்கு ஒரு வழியின் மதிப்பில் ஓங்கிய முகடு ஒன்று எழுகிறது.

ஓம் விதி என்ன சொல்லியிருக்கும் என்று இங்கே கேட்டுப் பார்க்க வேண்டும். தங்க அணுவின் விட்டம் ஏறத்தாழ 0.29 நானோமீட்டர், அந்த விட்டமும் அதே நீளமும் உள்ள குட்டி உருளையாக அதைப் பாவித்து, தங்கத்தின் மின்தடை எண்ணைப் போட்டால் ஏறத்தாழ 107 ஓம் வருகிறது. இயற்கையில் கிடைப்பது அதைப்போல 120 மடங்கு. 1998இல் ஜப்பானியக் குழு ஒன்று, தங்க அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நின்று பாலமாவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தது. லெய்டன் குழுவும் அதே ஆண்டில் இத்தகைய சங்கிலிகளை அளந்தது. சங்கிலியில் அணுக்கள் நான்கு இருந்தாலும் ஐந்து இருந்தாலும் மின்தடை ஏறத்தாழ அதே 12,900 ஓமிலேயே நிற்கிறது. கம்பியின் நீளத்துக்கும் மின்தடைக்கும் உள்ள உறவு அங்கே முடிந்துபோகிறது.

இந்த இடத்தில் கூர்மையான மாணவர் எவரும் ஒரு கேள்வி கேட்பார்: சிதறலே இல்லாமல் பாய்கிறதென்றால், மின்தடையால் வர வேண்டிய வெப்பம் எங்கே போகிறது? ஒகேனக்கல்லில் காவிரி பாறை விளிம்பிலிருந்து விழும்போது, விழும் நீர் காற்றின் ஊடே ஏறத்தாழத் தடையின்றியே இறங்குகிறது. அதன் ஆற்றலெல்லாம் சுழலாகவும் நுரையாகவும் சிதைவது கீழே உள்ள மடுவில். பரிசலில் அருகே போனவர்கள் அந்தக் குமுறலை உடம்பில் உணர்ந்திருப்பார்கள். அணு வாசலும் அப்படித்தான். எலக்ட்ரான் கூடுதல் ஆற்றலோடு வாசலைத் தாண்டி, அப்பால் உள்ள அகன்ற உலோகத்துக்குள் போன பிறகுதான் சிதறி, அந்த ஆற்றலை வெப்பமாகக் கொட்டுகிறது. தடை இருக்கும் இடம் ஒன்று, சூடு பிறக்கும் இடம் வேறொன்று. ஸ்டார்ட்டர் பாயிண்டில் இவை இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. அதனால்தான் அது கருகியது. ஒற்றைத் தங்க அணுவோ ஒரு வோல்ட் அழுத்தத்தில் 77 மைக்ரோ ஆம்பியரைத் தாங்குகிறது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த அணுவின் பரப்பைக் கொண்டு வகுத்துப் பார்த்தால், வீட்டு வயரில் நாம் அனுமதிக்கும் மின்னோட்ட அடர்த்தியைப்போல ஏறத்தாழ பத்துக் கோடி மடங்கு. அந்த அடர்த்தியில் நம் வீட்டுக் கம்பி கண் இமைக்கும் முன் ஆவியாகிவிடும்.

எல்லா உலோகமும் தங்கத்தைப்போல ஒழுங்காக நடப்பதில்லை. ஓர் அணு எத்தனை வழிகளைத் தரும் என்பது அதன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் அமைப்பைப் பொறுத்தது. தங்க அணு ஒரே வழியைத் தருகிறது, அது ஏறத்தாழ முழுவதும் திறந்திருக்கிறது. அலுமினிய அணு மூன்று வழிகளைத் தருகிறது. ஆனால் அவை அரைகுறையாகத் திறந்தவை, அலை வந்து மோதி ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. மூன்றையும் கூட்டினாலும் ஒரு முழு வழிக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. வேதியியலில் இணைதிறன் என்று நாம் படித்த பண்பு, இங்கே மின்தடை அளவீட்டில் வந்து எட்டிப் பார்க்கிறது.

இவை ஆய்வகத்தோடு முடிந்துவிடும் செய்திகளும் அல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலிருந்தும் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஓசூர்ப் பக்கத்து மின்னணு ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் கையில் எடுத்துப் பொருத்தும் செல்போன்களின் சில்லுகளுக்குள், 39 நானோமீட்டரைவிட மெல்லிய செம்புக் கம்பிகள் இருக்கின்றன. அவ்வளவு மெல்லிய கம்பியில் எலக்ட்ரான் உள்ளே சிதறும் முன்பே பக்கச் சுவரில் போய் முட்டுகிறது; அதனால் செம்பின் மின்தடை எண் பாடநூலில் உள்ளதைவிடப் பல மடங்கு கூடிவிடுகிறது. மெல்லிய படலங்களில் இது நேரும் விதத்தை கிளாஸ் ஃபுக்ஸ் 1938இலேயே கணக்கிட்டு வைத்தார். ருத்தேனியம் என்ற உலோகத்தின் மின்தடை எண் செம்பைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் அதன் மோதலிடைத் தூரம் 7 நானோமீட்டருக்கும் குறைவு என்பதால் மெல்லிய கம்பியில் அது அவ்வளவாகக் கெடுவதில்லை. பருமனில் தோற்ற உலோகம் நுண்மையில் வெல்லக்கூடும் என்பதால், சில்லுத் தொழிலில் செம்புக்கு மாற்றாக அதை ஆராய்ந்து வருகிறார்கள்.

படிகளைக் கண்ணால் பார்க்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. இரண்டு உலோகக் கம்பிகளை ஒன்றையொன்று லேசாகத் தொடவிட்டு மேசையைத் தட்டினாலே போதும் என்று 1995இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதைப் பின்பற்றி எங்கள் மாணவர்களோடு சேர்ந்து செய்து பார்த்தேன். கடைத்தெருவில் ஒரு தங்க ஆசாரியிடம் சொல்லி, 24 காரட் தங்கத்தைத் துளையிட்ட இரும்புத் தகட்டின் வழியே இழுத்து, 0.2 மில்லிமீட்டர் கனத்தில், இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகள் வாங்கினோம். இரண்டும் சேர்ந்து ஒரு குன்றிமணி எடையில் கால் பங்குகூட வராது. ஒன்றை நேராகவும் மற்றொன்றைக் குறுக்காகவும், பட்டும் படாமலும் நிற்கும்படி மரக்கட்டையில் பொருத்தி, 0.1 வோல்ட் கொடுத்து, வரும் மின்னோட்டத்தை 10,000 ஓம் மின்தடை பூட்டிய பெருக்கியின் வழியே அலைநோக்கிக்கு (ஆசிலோஸ்கோப்) அனுப்பினோம். ஒரு வழி என்றால் 7.75 மைக்ரோ ஆம்பியர், திரையில் 77.5 மில்லிவோல்ட் உயரம். முதல் நாள் முழுவதும் மின்வாரிய அலையின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகர டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை நிலத்தொடர்பில் இணைத்த பிறகு இரைச்சல் அடங்கியது.

மாணவி ஒருத்தி விரல் முட்டியால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். முதல் இருபது முப்பது தடவை கோடு உச்சியிலிருந்து ஒரேயடியாகக் கீழே விழுந்தது. பிறகு ஒரு தட்டலில் திரை உறைந்து நின்றபோது, கோடு இறங்கும் வழியில் இரண்டு இடங்களில் தரையைப்போலச் சமமாக நின்றிருந்தது: ஒன்று 150 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேலே, மற்றொன்று 77க்கு வெகு அருகில். கீழ்ப்படி ஒரு மில்லிநொடிகூட நீடிக்கவில்லை. "சார், இது ஒரே ஒரு அணுங்களா?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் திரைக்கு மேல் அளவுகோலை வைத்து, கட்டங்களை மீண்டும் ஒருமுறை எண்ணினாள்.